எண்ணாமல் போட்ட எண்கள்

உட்கார்ந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சு அடைக்கிறது, எழுந்து நின்றால் இடுப்புப் பூட்டு கழன்று விழுந்துவிடும்போல இருக்கிறது, நடந்தாலோ வலது தொடையில் ஒரு நரம்பு சுள்ளென்று பிடித்து இழுக்கிறது. இந்த மூன்றையும் விட்டால் ஒரு மனுஷி வேறு என்னதான் செய்வாள், ஆணியடித்துச் சுவரில் தொங்கவா முடியும் என்று தன் மேலேயே எரிந்து விழுந்துகொண்டு சங்கரேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. சற்றுமுன் பார்த்தபோதும் பத்து நாற்பதுதான். பதினாலாம் எண் அறையில் இருபது பெண்பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் சமூக அறிவியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் இன்றைக்குத்தான் கடைசிப் பரீட்சை, ஒன்றேகாலுக்கு மணியடித்தால் அவர்களும் போய்விடுவார்கள், இவளும் போய்விடலாம். அதற்கு இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. அறை மாடியில். காலையில் டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தபோதே பதினாலு என்று வந்தது, இவள் தேர்வு மேற்பார்வைக்கு வந்த அந்தப் பள்ளியின் தேர்வுப் பொறுப்பாளர் தமயந்தி மேடம் இவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மேல இருக்கு மேடம், வேணும்னா மாத்திக்கிடுங்க" என்றுதான் சொன்னார். இவள்தான் பெரிய வீராங்கனை மாதிரி "பரவாயில்ல மேடம், ஏறிருவேன்" என்றாள். ஏறியும்விட்டாள், இருபத்திரண்டு படி, நடுவில் ஒருமுறை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று. அந்தப் படிகளை எண்ணத் தெரிந்தது பார். கணக்கு டீச்சர் அல்லவா, எதைக் கண்டாலும் எண்ணுவாள்: வரிசைக்கு ஐந்து, நாலு வரிசை, இருபது தலை, அதில் பதினெட்டுத் தலையில் பூ, கூரையில் இரண்டு மின்விசிறி, அதில் சுற்றுவது ஒன்று. அந்த ஒன்றும் அவளுக்குக் காற்று வராத மூலையில் சுற்றுகிறது. கால் வீங்கி, ஒரு அளவு பெரிதாக வாங்கிய செருப்பே வார் பதிந்து சிவந்து கிடக்கும். கிடக்கும் என்று ஊகம்தான், அந்தப் பாதங்களை அவள் நேராகப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. விரலில் ஏறாத மோதிரம் தாலிக்கயிற்றில் முடிந்து கிடந்து, வியர்வைக்கு நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அரித்தது.

லீவு போட்டிருக்கலாம், யார் வேண்டாம் என்றது. தேர்வு வேலை வேண்டாம் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் எவரும் மறுக்கப்போவதில்லை, அவளுடைய பள்ளித் தலைமையாசிரியை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாயிற்று: "எட்டு மாசம் முடிஞ்சிருச்சு, எதுக்கும்மா இந்த ஓட்டம், லீவப் போட்டுட்டு வீட்ல இரி." அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பிரசவ லீவு ஒரு வருஷம். அதை என்றைக்கு ஆரம்பிக்கிறோமோ அன்றிலிருந்து ஒரு வருஷம். பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆரம்பித்தால் ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளைக்கு. இன்றைக்கே ஆரம்பித்தால் டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கிறது, அந்த இருபத்துநாலும் வெறும் வயிற்றைத் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததற்குப் போய்விடும். ஆசிரியர் அறையில் இந்தக் கணக்கு தெரியாத பொம்பளை கிடையாது. ஒவ்வொருத்தியும் ஒரு வீரக்கதை வைத்திருக்கிறாள்: ஒருத்தி வியாழக்கிழமை கடைசி பீரியட் முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை விடியலில் பெற்றாள், இன்னொருத்திக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே பனிக்குடம் உடைந்தது, அதிலும் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சங்கரேஸ்வரியும் சிரித்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு இது வீரமில்லை, ஆசை. புருஷன் கதிரேசனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் போகிறவன். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, தவழுகிற பிள்ளை பின்னால் ஓட முடியாது. லீவு முடிந்த மறுநாள் பிள்ளையை யாரோ ஒருத்தி கையில்தான் கொடுத்துவிட்டுப் பஸ் ஏற வேண்டும். பதினோரு மாதத்தில் கொடுப்பதற்கும் பன்னிரண்டு மாதத்தில் கொடுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா, அந்த இருபத்துநாலு நாளில் பிள்ளை நாலு எட்டு நடந்துவிடும், தாகம் எடுத்தால் தண்ணி என்று கேட்டுவிடும், அடித்தால் அடித்தாள் என்று சொல்லிவிடும். இந்த இருபத்துநாலு நாளை அவள் கஞ்சப்பிசினாறி மாதிரி முடிந்து வைத்திருந்தாள். கேட்டால் யாருக்கும் புரியாது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு மாற்று ஆள் வந்தார், உடற்பயிற்சி ஆசிரியர் அந்தோணிராஜ். அறை அறையாகப் போய்ப் பத்து நிமிஷம் நின்று மற்றவர்களை வெளியே அனுப்புவது அவர் வேலை. விசிலை ஊதி ஊதித் தொண்டையே விசிலாகிப்போன மனுஷர், எதைச் சொன்னாலும் அதட்டுகிற மாதிரி இருக்கும். "போய்ட்டு வாங்க மேடம், மெதுவா" என்றதும்கூட அதட்டலாகத்தான் கேட்டது. கீழே இறங்கினால்தான் கழிப்பறை. இருபத்திரண்டு படி இறக்கம், முட்டிக்கொண்டு வந்தது அங்கே போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு, எழுந்தால் மறுபடி வருகிற மாதிரி, சே, இது என்ன உடம்பா, ஒழுகுகிற குழாயா. திரும்பி ஏறும்போது காலையில் தின்ற மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் நெருப்பாக மேலே வந்து தொண்டையில் நின்றது. நெஞ்சு கரித்தால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும் என்பாள் அம்மா. அப்படிப் பார்த்தால் இது கரடியாகத்தான் பிறக்க வேண்டும். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல சேதி உண்டு, கால் வீங்கினால் நல்லது, தூக்கம் வராவிட்டால் நல்லது, முதுகு ஒடிந்தால் அதைவிட நல்லது. நல்லதெல்லாம் இவள் உடம்பில்தான் வந்து இறங்க வேண்டுமா, கதிரேசனுக்கு ஒரு நல்லதாவது வந்திருக்கிறதா, சனிக்கிழமை வந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே குறட்டை விடுகிறவனுக்கு. அறைக்குள் வந்து நாற்காலியில் சாய்ந்தாள், சாய்ந்தால் வால் எலும்பு வலித்தது, முன்னால் குனிந்தாள், குனிந்தால் நெஞ்சு கரித்தது, எழுந்து ஜன்னல் திண்டில் பின்பக்கத்தை முட்டுக்கொடுத்து நின்றாள். அது ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது. "டீச்சர், நூலு" என்று இரண்டாம் வரிசையில் ஒரு கை எழுந்தது, வரைபடத்தைத் தாளோடு சேர்த்துக் கட்ட. அந்தச் சுகமும் போயிற்று.

தண்ணீர்ப் பானையும் டம்ளருமாக ராமுத்தாயி வந்தது அதற்குப் பிறகுதான். தேர்வு நாட்களில் அறை அறையாகத் தண்ணீர் கொடுக்கிற பொம்பளை, நாற்பத்தைந்து ஐம்பது இருக்கும், கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு மேஜையோரம் வந்து இவளுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். குரலைத் தணித்து, "இது தலைப்பிள்ளையா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினாள். "உள்ள எப்பிடி, நல்லா ஒதைக்கிதா?" "ம், நல்லா" என்றாள் சங்கரேஸ்வரி. ராமுத்தாயி சிரித்துக்கொண்டு பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் போய்விட்டாள். அந்த "ம், நல்லா" மட்டும் போகவில்லை, தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. நல்லா என்று யார் சொன்னது? வாய் சொன்னது. வாய்க்கு என்ன தெரியும்? சங்கரேஸ்வரி கையை வயிற்றின் மேல் வைத்தாள், சேலைக்கு மேலே, பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு. சூடாக, இறுக்கமாக, பேசாமல் இருந்தது. தூங்குகிறதாக்கும். உள்ளே தூங்கும், டாக்டரே சொல்லியிருக்கிறார், இருபது நிமிஷம் நாற்பது நிமிஷம் தூங்கும் என்று. சரி, எப்போதிலிருந்து தூங்குகிறது? கழிப்பறையில் அசைந்ததா? இல்லை, அங்கே அவள் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். படியேறும்போது? நெஞ்சு கரிப்பு. பஸ்ஸில்? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஜன்னலோரம், ஏதோ ஒரு ஊரைத் தாண்டும்போது விலாவில் இடித்தது, அவள் கையால் தள்ளிவிட்டு "சும்மா கிட" என்றாள், பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்தாள். ஆ, அதுதான், பஸ்ஸில் அசைந்தது. மனசு ஒரு நொடி இறங்கி உட்கார்ந்தது. உடனே எழுந்துகொண்டது: பக்கத்தில் இருந்த அம்மாள் கையில் பலாப்பழப் பை வைத்திருந்தாள், அந்த வாசனைக்குத்தான் குமட்டியது. அது இன்றைக்கா? இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது கல்லூரிப் பெண் அல்லவா, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. பலாப்பழம் திங்கட்கிழமை. இன்றைக்கு வெள்ளி.

"டீச்சர், ஒரு டவுட்டு." மூன்றாவது வரிசைக் கடைசியில் எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்ட பெண், இரண்டு கையிலும் இரண்டு பேனா. "நீலப் பேனா தீந்துருச்சு டீச்சர். மிச்சத்தக் கருப்புல எழுதலாமா? வேற யாரோ எழுதின மாதிரி நெனச்சிக்கிட மாட்டாங்களா?" எழுதலாம், எழுது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுத் திரும்பியவளுக்கு நடை தளர்ந்தது. நீலம், கருப்பு. அவளுடைய கைப்பைக்குள், கீழே அலுவலகத்தில் அலைபேசியோடு சேர்த்து ஒப்படைத்த கைப்பைக்குள், மடித்த ஒரு அட்டை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிலோமினா சிஸ்டர் கொடுத்தது. நாளொன்றுக்கு மூன்று கட்டம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மதியம், ராத்திரி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, பிள்ளை எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணிப் போட வேண்டும், மூன்றுக்குக் குறைந்தால் உடனே வர வேண்டும். முதல் மூன்று நாள் அவள் உண்மையாகவே எண்ணினாள், ஆசையாக எண்ணினாள். நாலாம் நாள் செய்முறைத் தேர்வு மதிப்பெண் ஏற்றுகிற வேலை, ஐந்தாம் நாள் கூட்டம், ஆறாம் நாள் ஞாபகமே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து விட்டுப்போன கட்டங்களையெல்லாம் ஒரே மூச்சில் நிரப்பினாள். எப்படி நிரப்ப வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? பாடக்குறிப்பேடு, தேர்ச்சிப் பதிவேடு, வீடு வீடாகப் போய் எடுத்ததாகச் சொல்லும் கணக்கெடுப்பு, எதை ஆசிரியர்கள் அன்றன்றைக்கு எழுதியிருக்கிறார்கள்? வாரக் கடைசியில் உட்கார்ந்து, மேலதிகாரி பார்த்தால் அன்றாடம் எழுதிய மாதிரி தெரிய வேண்டும் என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதுவார்கள், ஒரு நாள் நீலம், ஒரு நாள் கருப்பு, ஒரு நாள் கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து. பழக்கம், வேறொன்றுமில்லை. அட்டையிலும் அப்படியே போட்டாள்: நாலு, ஐந்து, மூன்று, நாலு, ஆறு. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒரு மூன்று, ஓர் ஏழு. அடுத்த வாரமும் அதே சனிக்கிழமை வேலை. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிலோமினா சிஸ்டர் அதைப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினாள்: "பாருங்க, டீச்சருன்னா டீச்சருதான். எவ்ளோ அழகா போட்டுட்டு வந்திருக்காங்க." இவள் அப்போது வெட்கப்பட்டுச் சிரித்தாள். வெட்கப்பட்டது அந்தப் பாராட்டுக்குத்தான், பொய்க்கு இல்லை. அது பொய் என்றே அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, பதறாதே, பதறினால் பிள்ளைக்கு ஆகாது. பதினொன்றே முக்கால். தண்ணீர் குடித்தால் அசையும் என்பார்கள், மேஜை மேல் இருந்த மிச்சத் தண்ணீரைக் குடித்தாள். ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்று சத்தம் போட்டால் அசையும், சத்தம் போட முடியாது, பரீட்சை. இரண்டு விரலால் தொப்புளுக்கு மேல் அழுத்தினாள், அங்கேதான் எப்போதும் ஒரு குதிகாலோ முழங்கையோ கெட்டியாக முட்டும். அழுத்தியது உள்ளே நகர்ந்து திரும்ப வந்தது, ஆனால் அது அவள் அழுத்தியதால் வந்ததா, தானாக வந்ததா? நடந்தாள். நாலு வரிசைக்கும் நடுவில் சந்து சந்தாக நடந்தாள், வயிறு மேஜை விளிம்பில் உரச, ஒருக்களித்து. ஒரு பெண்ணின் அளவுகோல் கீழே விழுந்தது. எடுத்துத் தருவதற்குக் குனியப் பார்த்தாள், பாதி தூரத்தில் கண் இருட்டியது, நிமிர்ந்து, "நீயே எடுத்துக்கோம்மா" என்றாள். அந்தப் பெண் சட்டென்று எடுத்துக்கொண்டு, எழுதுவதை விட்டுவிட்டு இவள் முகத்தையே பார்த்தது. "என்ன பாக்கிற, எழுது" என்று அதட்டினாள். ஜன்னலுக்கு வந்தாள். நேற்றுச் சாயங்காலம்? நேற்று வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு தின்றுவிட்டுப் படுத்தவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டாள், ஒரு மாதத்தில் முதல் தடவையாக இடையில் முழிக்காமல் தூங்கினாள். காலையில் எழுந்து "அப்பாடா, இன்னைக்குத்தாம்மா நல்லாத் தூங்கினேன்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாளே. ஏன் தூங்கினாள்? தினமும் அவளை உதைத்து எழுப்புகிறது நேற்று ஏன் எழுப்பவில்லை? எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். உண்மையாகவே எண்ணியிருந்தால் வியாழன் ராத்திரிக் கட்டம் காலியாக இருந்திருக்கும், அந்தக் காலி இடமே கத்தியிருக்கும். இப்போது அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாலும் ஒரு பிரயோசனமும் இல்லை, இந்த வாரம் முழுக்கவே வரப்போகிற சனிக்கிழமைக்குக் காத்திருக்கிற வெற்றுக் கட்டங்கள்.

அப்போது இடது பக்கம், கீழே, ஒன்று புரண்டது. புரண்டதா? மெல்லிசாக, குமிழி உடைந்தது போல. அசைந்துவிட்டது, அசைந்துவிட்டது என்று மனசு துள்ளிக் குதித்து, அதை உடனே கட்டத்தில் போட்டு மூடப் பார்த்தது. ஒன்று. இன்னும் இரண்டு வந்தால் மூன்று, மூன்று போதும், ஒன்றேகால் வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு நிதானமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம், யாருக்கும் தெரிய வேண்டாம், லீவும் தப்பும். அடுத்த குமிழி வந்தது, கூடவே வயிற்றில் ஒரு இரைச்சலும் வந்தது. இட்லி. வெறும் வாயு. அதற்கும் சேர்த்து மனசு "ரெண்டு" என்று போட்டுக்கொண்டதை அவளே பார்த்தாள். பரீட்சை அறையில் காப்பியடிக்கிற பிள்ளையைப் பிடிக்கிற கண் அது, பதினோரு வருஷப் பழக்கம், கை போகிற போக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். இப்போது தன் கையையே பிடித்துவிட்டது. அடிப்பாவி, என்று வாய்க்குள் சொன்னாள். இங்கேயும் போட்டு நிரப்புகிறாயே, யாரை ஏமாற்ற, எந்த அதிகாரி வந்து கையெழுத்துப் போடப்போகிறான்? கூப்பிட வேண்டும். வாசலில் போய் நின்று அந்தோணிராஜ் சாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்? நாலு அறைக்கும் தெரியும், தமயந்தி மேடம் ஓடி வருவார், சாயங்காலத்துக்குள் எச்.எம். காதுக்குப் போகும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார், இன்றைய தேதியிலேயே லீவு எழுதி வாங்கிக்கொள்வார், இருபத்துநாலு நாளும் போய்விடும். போய் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் ஆசிரியர் அறையில் ஒரு வருஷத்துக்கு இதுதான் சிரிப்பு. இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம். பன்னிரண்டு வரைக்கும் பார்க்கலாம். பன்னிரண்டு ஆனது, இன்னும் ஐந்து நிமிஷம். பிள்ளைக்காகத்தானே நாள் சேர்த்தது, எந்தப் பிள்ளைக்கு, அந்தப் பிள்ளை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அதற்கு நடை பழக்க நாள் சேர்த்துக்கொண்டு நிற்கிறாளே, இதைவிடக் கிறுக்குத்தனம் உலகத்தில் உண்டா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபது பேர் முன்னால் அழக் கூடாது, பாவம், அதுகளுக்குப் பரீட்சை.

அவள் வாசலுக்குப் போனாள். தொடை நரம்பு இழுத்தது, இழுத்துவிட்டுப் போகட்டும். வராந்தாவின் அந்தக் கோடியில் அந்தோணிராஜ் நின்றுகொண்டிருந்தார், கையை ஆட்டினாள், வந்தார். "என்ன மேடம், மறுபடியுமா? போங்க போங்க, நான் நிக்கிறேன்." "அதுக்கில்ல சார்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ள அசையல சார்." அவர் முகம் மாறியது. "எப்பயிருந்து?" காலையிலிருந்து என்று சொல்லிவிடலாம், அது மரியாதையாக இருக்கும், பொறுப்பான தாய் சொல்கிற பதில். "எனக்குத் தெரியாது சார்" என்றாள். "கடைசியா எப்ப அசஞ்சதுன்னே எனக்குத் தெரியாது." அந்தோணிராஜ் எதுவும் கேட்கவில்லை. எத்தனை மாதம், ஏன் வந்தீர்கள், ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை, இவள் மனசுக்குள் பதில் தயார்செய்து வைத்திருந்த ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. படிப்பக்கம் எட்டிப் பார்த்து, "ராமுத்தாயி! பானைய வச்சிட்டு ஓடியா!" என்று அவருடைய விசில் தொண்டையால் ஒரு சத்தம் கொடுத்தார், நாலு அறைப் பிள்ளைகளும் நிமிர்ந்திருப்பார்கள். பிறகு இவளிடம், "நீங்க ஒத்தையில படியிறங்கக் கூடாது, அவ வரட்டும்" என்றார், அதே அதட்டல் குரலில். அதட்டல் என்று நினைத்தாளே இத்தனை நாளாக. அலுவலகத்தில் தமயந்தி மேடம் கைப்பையையும் அலைபேசியையும் எடுத்துக் கையில் கொடுத்தார், ஆட்டோ வாசலுக்கே வந்தது. "உங்க எச்.எம்.முக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிடுறேன், லீவு இன்னைக்கு..." என்று ஆரம்பித்தவரிடம், "இன்னையிலேயிருந்து போடச் சொல்லிருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். சொன்னபோது ஒன்றும் வலிக்கவில்லை.

ஆட்டோவில் ராமுத்தாயி ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்துகொண்டு, இவள் தலையைத் தன் மடியில் சாய்த்து இடது பக்கமாகப் படுக்க வைத்தாள், கால் மடங்கிக் கம்பியில் இடித்தது. அலைபேசியில் பிலோமினா சிஸ்டர் எடுத்தாள். "சொல்லுங்க டீச்சர்." சொன்னாள். "பயப்படாதீங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்திருக்கும்? அட்டையப் பாத்துச் சொல்லுங்க, நேத்து ராத்திரிக் கட்டத்துல எத்தன, அதுக்கு முந்தின நாள் எத்தன? டாக்டர் கேப்பாங்க." ஆட்டோ கடைத்தெருவில் திரும்பியது. ராமுத்தாயியின் கை இவள் நெற்றியில் இருந்தது, அந்தக் கையில் பானையின் ஈரம். "அட்டைய நம்பாதீங்க சிஸ்டர்" என்றாள் சங்கரேஸ்வரி. "முதல் மூணு நாள்தான் நெசம். மிச்சமெல்லாம் நானா போட்டது, இந்த வாரம் அதுவும் போடல. நான் எண்ணவே இல்ல." திட்டட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணீர் மூக்கைத் தாண்டி ராமுத்தாயியின் சேலையில் இறங்கியது. "சரி" என்றாள் பிலோமினா சிஸ்டர், மெதுவாக. "டாக்டர்ட்ட நான் சொல்லிர்றேன், துடிப்புப் பாக்கிற மிசின ரெடியா வைக்கிறேன். போன வைக்காதீங்க. இப்ப எண்ணுங்க. சத்தமா எங்கிட்ட எண்ணுங்க. நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சொல்லணும், தோணுச்சுன்னு சொல்லக் கூடாது." வேகத்தடையில் ஆட்டோ ஏறி இறங்கியது, வயிறு குலுங்கி உள்ளே ஏதோ நகர்ந்தது. "இந்தா, அசஞ்சிருச்சு டீச்சர், நானே பாத்தேன்" என்றாள் ராமுத்தாயி சந்தோஷமாக. "இல்லக்கா, அது வண்டி" என்றாள். மறுபடி ஒரு குழி, மறுபடி ஒரு நகர்வு, அதுவும் வண்டி. டிரைவரிடம் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தாள், நிறுத்தினால் நேரமாகும், நிறுத்தாவிட்டால் தெரியாது. அதுவரைக்கும் எத்தனையோ எண்களைத் தண்ணீர் மாதிரி போட்ட வாய் இப்போது ஒற்றை எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று இறுக மூடிக்கிடந்தது. பேருந்து நிலையத்துக்கு முன்னால் டவுன்பஸ் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது, ஆட்டோ பிரேக் போட்டு நின்றது, டிரைவர் இஞ்சினை அணைத்தார். எல்லாம் அடங்கிய அந்த இடத்தில், சீட்டில் பதிந்து கிடந்த இடுப்புக்குப் பக்கத்தில், உள்ளே இருந்து ஒரு கால் நிதானமாக எழுந்து ஓங்கித் தள்ளியது. வலித்தது. நன்றாகவே வலித்தது.

"ஒண்ணு" என்றாள் சங்கரேஸ்வரி.